வீட்டைச் சுற்றி மண் கொட்டித் தரையின் வாட்டம் (சரிவு) மாற்ற அனுமதி வாங்க வேண்டுமா?

மழை பெய்தால் சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்கிறது, பின்பக்கம் மண் கொட்டி மேடாக்கப் பெர்மிட் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே நினைப்பில்தான் இரண்டு லாரி மண் இறக்கினேன். என் சுவர் ஓரம் காய்ந்தது, ஆனால் அடுத்த பெரிய மழையில் அவ்வளவு தண்ணீரும் பக்கத்து வீட்டுச் சுவரடியில் போய் நின்றது. அவர்கள் புகார் கொடுத்தார்கள், கொடுத்தது நியாயம்தான். கொட்டிய மண்ணில் பாதியை வாரி அனுப்பிவிட்டு, வரைபடம் போட்டு, அப்புறம்தான் பெர்மிட் வாங்கினேன். அலுவலகத்தில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: தண்ணீர் முன்பு எந்தப் பக்கம் உங்கள் எல்லையைத் தாண்டியது, இனி எந்தப் பக்கம் தாண்டும்?

செடிக்குப் பாத்தி கட்டவும் சின்னப் பள்ளத்தை நிரவவும் பெரும்பாலும் அனுமதி கேட்க மாட்டார்கள். எவ்வளவு மண், எவ்வளவு ஆழம், தடுப்புச் சுவர் எவ்வளவு உயரம், பக்கத்தில் ஓடை இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து ஊருக்கு ஊர் வரம்பு மாறும். மண் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1,000 சதுர அடிக்கு வெறும் அரை அடி உயர்த்தினாலே 500 கன அடி, ஏறக்குறைய 14 கன மீட்டர் மண் ஆகிவிடும். வரம்புக்குக் கீழே இருந்தாலும் அடுத்தவர் இடத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் உரிமை அதனால் வந்துவிடாது.

வாட்டம் எவ்வளவு என்றால், அமெரிக்காவில் பல ஊர்கள் எடுத்துப் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதித் தொகுப்பில் அஸ்திவாரத்திலிருந்து முதல் 10 அடிக்குள் தரை 6 அங்குலம் இறங்க வேண்டும், சிமென்ட் தளமாக இருந்தால் 2 சதவீதச் சரிவு (100 அடிக்கு 2 அடி) போதும். எல்லை அதற்குள்ளேயே வந்துவிட்டால் வாய்க்காலோ வடிகாலோ வைத்துத் தண்ணீரை வெளியே கொண்டுபோக வேண்டும். கூரைத் தண்ணீரையும் மறந்துவிடாதீர்கள், 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குலம் மழை விழுந்தால் சுமார் 2,360 லிட்டர், அதைக் கழிவுநீர்க் குழாயில் விட நிறைய ஊர்களில் தடை இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அடுத்த மழையில் குடையோடு வெளியே போய்த் தண்ணீர் ஓடும் பாதையைப் படம் எடுங்கள். எல்லை, வீடு, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, அம்புக்குறி போட்டு, உள்ளூர்க் கட்டட அனுமதி அலுவலகத்தில் காட்டுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் அதே தாளைக் காட்டிப் பேசிவிட்டு, அதற்குப் பிறகு மண் லாரிக்குச் சொல்லுங்கள்.