எந்த எண்ணெய் என்பது இரண்டாவது கேள்வி

கேள்வி: எனக்கு 23 வயது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வீடு. தினமும் பஸ்ஸில் பட்டுக்கோட்டை போய் வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷமாக நெற்றியிலும் தாடையிலும் பரு. ஆறிய இடமெல்லாம் கறுப்பாகி, கன்னத்தில் சில இடம் குழியாகவும் இருக்கிறது. "நம்ம மரத்துக் காய், நாமளே ஆட்டின எண்ணெய், ராத்திரி தடவிட்டுப் படு" என்கிறார் அப்பாயி. தோழி டீ ட்ரீ ஆயிலும் ரோஸ்ஹிப் ஆயிலும் வாங்கச் சொல்கிறாள். எந்த எண்ணெய் தடவினால் தழும்பும் சேர்ந்து போகும்?

பதில்: எந்த எண்ணெய் தடவலாம் என்று பார்க்குமுன், தடவாமலே உங்கள் முகத்துக்கு எந்த எண்ணெய் வந்து சேர்கிறது என்று பாருங்கள். காலையில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கண்ணாடி முன் நின்று, முடியை மேலே தூக்கிப் பிடியுங்கள். முடி தொடங்கும் ஓரத்திலும் நெற்றிப்பொட்டிலும் ரவை ஒட்டினாற்போலச் சின்னச் சின்ன மொட்டுகள் வரிசையாக இருந்தால், அது பெரும்பாலும் தலைக்கு வைக்கும் எண்ணெய் இறங்கி வந்த வினை. தலைமுடிக்குத் தடவும் எண்ணெய்ப் பசையால் நெற்றியில் வரும் பருவை, அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1970-லேயே தனி வகையாக எழுதி வைத்திருக்கிறார்கள். வியர்வை கசகசக்கும் நம் ஊர்ப் பங்குனி, சித்திரையில் எண்ணெய் வைத்த தலையோடு பஸ்ஸில் நின்றால் அது எங்கே இறங்கும்? இரவில் தலையணை உறையில் ஊறியது கன்னத்துக்கும் தாடைக்கும் வந்துவிடும்.

அதனால் முதல் வேலை தலையில். தினமும் எண்ணெய் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதை நிறுத்துங்கள். செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல் இருக்கட்டும். ஆனால் முடி ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி, ஒன்றிரண்டு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் தேயுங்கள். அரை மணி நேரத்தில் சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு அலசுங்கள். இரவெல்லாம் ஊறவைத்தால் முடிக்குக் கூடுதலாக வரப்போவது அதிகமில்லை, நெற்றிக்கு வருவதுதான் அதிகம். தலையை அலசி முடித்த பிறகே முகம் கழுவுங்கள். முதலில் முகத்தைக் கழுவிவிட்டுப் பிறகு தலையை அலசினால், வழிகிற எண்ணெய்த் தண்ணீர் முகத்திலேயே தங்கிவிடும். தலையணை உறையை வாரம் இரண்டு முறை மாற்றுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு எட்டு வாரம் பொறுங்கள். உள்ளே உருவாகிவிட்ட அடைப்புகள் வெளியேற அவ்வளவு காலம் பிடிக்கும். பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் நிறைய.

இனி அப்பாயி சொன்ன தேங்காய் எண்ணெய். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். பருவில் வளரும் பாக்டீரியாவை அது சோதனைக் கூடத்தில் கொல்கிறது என்பது உண்மை. 'தேங்காய் எண்ணெய் பருவைப் போக்கும்' என்ற பேச்சின் வேர் அங்கேதான். ஆனால் பருவின் முதல் படி கிருமி அல்ல, அடைப்பு. மயிர்க்காலின் துவாரத்தில் உதிர்ந்த தோல் செல்களும் சுரப்பி விடும் கொழுப்பும் சேர்ந்து கெட்டியாகி அடைத்துக்கொள்கின்றன, பிறகுதான் உள்ளே கிருமி பெருகிச் சிவந்து வீங்குகிறது. பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் அந்த அடைப்புக்கு உதவி செய்கிற ரகம். வீட்டில் ஆட்டியதா, கடைப் பாக்கெட்டா என்பதால் இது மாறாது. கொப்பரையில் பூசணம் இருந்ததா, எண்ணெயில் கலப்படம் உண்டா என்பதற்குத்தான் சொந்தத் தோப்பு பதில் சொல்லும்.

எண்ணெய்களுக்கு 0 முதல் 5 வரை 'அடைக்கும் மதிப்பெண்' போட்ட பட்டியல் ஒன்று செல்போனுக்குச் செல்போன் சுற்றுகிறது. அந்த மதிப்பெண்கள் வந்தது, முயல் காதின் உட்புறத்தில் தடவிப் பார்த்த பழைய சோதனைகளிலிருந்து. முயல் காது மனித முகத்தைவிடச் சுலபமாக அடைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலை வைத்து 2-ஆ 3-ஆ என்று மல்லுக்கட்ட வேண்டாம். அதைவிட உபயோகமானது, எண்ணெயில் எந்தக் கொழுப்பு அமிலம் இருக்கிறது என்று பார்ப்பது. பரு வருகிறவர்களின் தோல் கொழுப்பில் லினோலியிக் அமிலம் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சூரியகாந்தி எண்ணெயில் அது பாதிக்கும் மேல். நல்லெண்ணெயில் 40 சதவீதத்தை ஒட்டி, தேங்காய் எண்ணெயில் பேருக்குத்தான். ஆலிவ் எண்ணெயில் மிகுதி ஒலியிக் அமிலம், அது தோலின் மேலடுக்கைத் தளர்த்திவிடும். விலை அதிகம் என்பதற்காக அதை முகத்தில் பூச வேண்டியதில்லை.

ஆக, முகத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று தோன்றினால் சமையலுக்கு வாங்கும் சூரியகாந்தி எண்ணெயே போதும். புதுப் பாக்கெட்டைப் பிரித்ததும் 30 மில்லியைச் சுத்தமான, நன்றாகக் காய்ந்த சிறு கண்ணாடிக் குப்பியில் எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வாணலியில் காய்ந்தது கூடாது. காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், காறிய எண்ணெய் தோலை உறுத்தும். உங்கள் தோழி சொல்லும் ரோஸ்ஹிப்பும் லினோலியிக் நிறைந்ததுதான், கெடுதல் இல்லை. விலை அதிகம், சீக்கிரம் காறிப்போகும், அவ்வளவுதான் வித்தியாசம். சம்பா அறுத்த வயலில் கோடையில் போட்ட எள்ளை ஆட்டிய நல்லெண்ணெய் வீட்டில் இருந்தால், உடம்புக்குத் தேய்க்க அது அருமை. முகத்துக்குச் சூரியகாந்திக்கு அடுத்தபடிதான்.

எந்த எண்ணெயானாலும் சோதனை இரண்டு வகை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்ப்பது ஒவ்வாமைக்கு மட்டும். பரு வருமா என்பது அதில் தெரியாது, ஏனென்றால் கையில் முகத்தைப் போல் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. அடைப்பு உருவாகவே மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால் இடது தாடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் தினமும் இரவு ஒரு சொட்டு, நான்கு வாரம். வலது தாடையில் ஒன்றும் வேண்டாம். இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். இடதில் நெறுநெறு என்று மொட்டுத் தட்டினால் அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது. தேறினால், முகம் கழுவி ஈரம் முழுக்கக் காயுமுன் முகம் முழுவதற்கும் இரண்டே சொட்டு. மினுமினுக்கும் அளவுக்குப் பூசினால் அது அதிகம்.

டீ ட்ரீ ஆயில் இந்த வகையே இல்லை, இலையிலிருந்து ஆவியில் வடித்த காரமான வாசனை எண்ணெய். 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும், பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான பென்சாயில் பெராக்சைடு 5 சதவீதத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவாகத் தந்தது. ஆனால் அது 5 சதவீத ஜெல். குப்பியில் வருவது 100 சதவீதம், அப்படியே வைத்தால் தோல் வெந்து, பரு போன இடத்தில் புதிதாய் ஒரு கறுப்பு நிற்கும். ரோஸ் வாட்டரில் கலப்பதும் தவறு. எண்ணெய் மேலே மிதக்கும், குலுக்கி ஊற்றினால் ஒரு துளி முழுக் காரத்தோடு கன்னத்தில் உட்காரும். 10 மில்லி சூரியகாந்தி எண்ணெயில் 4 சொட்டு, சுமார் 2 சதவீதம், அதில் தொடங்குங்கள். 20 சொட்டு ஒரு மில்லி என்பது உத்தேசக் கணக்கு. பருவின் மேல் மட்டும் பஞ்சுக்குச்சியால் தொட்டு வையுங்கள், கண்ணைச் சுற்றி வேண்டாம். திறந்து ஆறு மாதமான குப்பியைத் தூக்கிப் போடுங்கள், காற்றுப் பட்டுப் பழசானால்தான் ஒவ்வாமை அதிகம். என்னைக் கேட்டால், கலக்கும் வேலையே வேண்டாம், 5 சதவீத ஜெல்லாகவே வாங்குங்கள்.

மற்ற எண்ணெய்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேப்பெண்ணெய் முகத்தில் எரியும். வீட்டில் குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், குழந்தைகள் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. புங்க எண்ணெயும் இலுப்பை எண்ணெயும் முகத்துக்கு வேண்டாம். விளக்கெண்ணெய் என்று கேட்டு வாங்கும்போது, கடைக்காரர் எடுத்துத் தருவது ஆமணக்கு எண்ணெய்தானா, கோயில் விளக்குக்கு விற்கும் தீப எண்ணெயா என்று லேபிளைப் படியுங்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தில் விளக்குக்குப் போக வேண்டியது முகத்துக்கு வந்துவிடும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். நெற்றியில், மேல் முதுகில், எல்லாம் ஒரே அளவாக, அரிப்போடு, வியர்த்தால் கூடுகிற மொட்டுகளா? அது பருவே அல்லாமல் மயிர்க்காலில் வரும் பூஞ்சையாக இருக்கலாம். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு. அப்படியானால் எல்லா எண்ணெயையும் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

தழும்பு என்று நாம் சொல்வதில் மூன்று வகை. விரலால் தடவினால் சமமாக இருந்து நிறம் மட்டும் கறுத்திருந்தால் அது தழும்பே அல்ல, கறை. புதுப் பரு நின்றால் மாதக் கணக்கில் தானே மங்கும். மங்கவிடாமல் தடுப்பது வெயில். எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். எந்த எண்ணெயும் அந்த வேலையைச் செய்யாது. எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போனால் கறை இன்னும் கறுக்கும்.

இரண்டாவது, குழி. அங்கே தோலின் உள்ளடுக்கைத் தாங்கும் கொலாஜன் என்ற புரத நாரே குறைந்துபோயிருக்கிறது. மேலே பூசும் எண்ணெய் அதை நிரப்பாது, ரோஸ்ஹிப் உட்பட. ஊசி உருளை, அடியிலிருந்து இழுத்துப் பிடிக்கும் நாரை அறுத்து விடுவது, லேசர் என்று வழிகள் உண்டு. புதுப் பரு அடங்கிய பிறகே எதையும் தொடங்குவார்கள். மூன்றாவது, மேடு. அதற்கு சிலிகான் ஜெல் அல்லது மருத்துவர் போடும் ஊசி. வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்து தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். 1999-இல் வெளியான ஆய்வில், 15 பேரின் அறுவை சிகிச்சைத் தழும்பில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ, மறு பாதிக்கு வெறும் களிம்பு தடவினார்கள். வைட்டமின் ஈ தடவிய பக்கம் தேறவில்லை, மூன்றில் ஒருவருக்குத் தடிப்பு வந்ததுதான் மிச்சம்.

எட்டு வாரத்தில் குறையவில்லை என்றால், அல்லது குழி கூடிக்கொண்டே போனால், காத்திருக்காதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அடைப்பை எடுக்கும் மருந்தான அடாபலீன் 0.1 சதவீத ஜெல் எழுதிக் கொடுத்தால், இரவில் முகம் நன்றாகக் காய்ந்தபின் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு முயன்றாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோல் உலர்ந்து உரியும்போதுதான் நீங்கள் சோதித்துத் தேறிய அந்த இரண்டு சொட்டு எண்ணெய்க்கு உண்மையான வேலை, ஜெல் போட்டு இருபது நிமிஷம் கழித்து. பென்சாயில் பெராக்சைடு கொடுத்தால் வெள்ளைத் தலையணை உறை போடுங்கள், கலர்த் துணியை அது வெளுத்துவிடும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் 'பரு கிரீம்' என்று எடுத்துத் தந்தால், பெட்டியில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துகளின் பெயர்கள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் திருப்பிக் கொடுங்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு ஸ்டீராய்டாலேயே பரு கொட்டும்.

அப்பாயி ஆட்டி வைத்த எண்ணெயை மறுக்க வேண்டாம். மார்கழியில் குப்பியின் கழுத்தில் உறைந்து நிற்குமே, அதைச் சுரண்டி எடுத்து வெடித்த குதிகாலில் தேய்த்து, மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள்.