பேய் இருந்தால் வாடகை கூடுமா?

கேள்வி: மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். நாங்கள் போகும்போது லூசியானாவில் ‘மிர்ட்டில்ஸ்’ என்ற பழைய பங்களாவில் ஒரு ராத்திரி தங்க ரூம் போட்டிருக்கிறானாம். பேய் வீடு என்று விளம்பரமே செய்கிறார்களாம்! இவர் வரமாட்டேன் என்கிறார். போகலாமா? — ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: தாராளமாகப் போங்கள், சாரையும் இழுத்துக்கொண்டு போங்கள். செயின்ட் ஃபிரான்சிஸ்வில் என்ற சின்ன ஊரில் இருக்கிறது அந்த வீடு. 1796-ல் கட்டியவர் டேவிட் பிராட்ஃபோர்ட் என்ற வக்கீல். பென்சில்வேனியாவில் விஸ்கி வரியை எதிர்த்து நடந்த கலகத்தில் முன்னால் நின்றுவிட்டு, 1794-ல் ராணுவம் வருகிறது என்றதும், அப்போது ஸ்பெயின் கையில் இருந்த இந்தப் பக்கத்துக்குத் தப்பி ஓடிவந்தவர். பேயை விட இவர் சுவாரஸ்யம், ஆனால் இவரைக் கேட்டு யாரும் ரூம் போடுவதில்லை.

அங்கே சொல்லும் கதை க்ளோயி என்ற அடிமைப் பெண்ணுடையது. ஒட்டுக்கேட்டாள் என்று எஜமானர் கிளார்க் உட்ரஃப் (பிராட்ஃபோர்டின் மருமகன்) அவள் காதை அறுத்தாராம். அவள் பிறந்தநாள் கேக்கில் அரளி இலையைக் கலந்தாளாம், ஆமாம், நம்மூர் அரளிதான். எஜமானியும் இரண்டு பெண் குழந்தைகளும் செத்துப்போக, அவளைத் தூக்கிலிட்டு மிசிசிப்பி ஆற்றில் எறிந்தார்களாம்.

பழைய பதிவுகளைத் தேடியவர்களுக்குக் க்ளோயி என்று ஒருத்தி அகப்படவே இல்லை. உட்ரஃபின் மனைவி சாரா 1823-ல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார், அடுத்த வருஷம் இரண்டு குழந்தைகள். அதில் ஒன்று பையன். இன்னொரு பெண் பிழைத்து, வளர்ந்து பெரியவளானாள். அப்புறம், 1871-ல் வில்லியம் விண்டர் என்பவரை வராந்தாவில் யாரோ சுட்டார்கள், அது நிஜம். ஆனால் கதையில் அவர் தள்ளாடிப் படியேறி 17-வது படியில் மனைவி மடியில் உயிரை விடுகிறார், நிஜத்தில் வராந்தாவிலேயே முடிந்துவிட்டது.

கதை கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் நிஜமாகவே அடிமைகளாக உழைத்து மாண்டவர்கள் இருக்க, கற்பனை அடிமை ஒருத்தியை, அதுவும் குழந்தைகளுக்கு விஷம் வைத்தவளாக ஆக்கி டிக்கெட் போடுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. டூர் கைடிடம் அந்த மற்றவர்களைப் பற்றிக் கேளுங்கள். சாருக்கு இதையெல்லாம் போகிற வழியிலேயே சொல்லிவிடுங்கள், தூக்கம் வரும்.

கேள்வி: நம்ம சென்னையில் இப்படித் தங்குகிற மாதிரி பேய் பங்களா இல்லையா? — ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: சரக்கு இருக்கிறது, வியாபாரம்தான் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிராடி 1790-களின் கடைசியில் அடையாற்றங்கரையில் கோட்டை மாதிரி ஒரு வீடு கட்டினார். சில வருஷத்திலேயே அதே ஆற்றில் படகில் போனபோது மூழ்கி இறந்தார். வேறு ஊராக இருந்தால் இதை வைத்தே பத்து ரூம் ஓட்டியிருப்பார்கள். இங்கே அந்த வீடு அரசு இசைக் கல்லூரி ஆனது. ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனிக்குப் பேய்ப் பெயர் வந்ததும் ஒரு வணிகரால்தான். 1821-ல் இறந்த ஜான் டி மான்ட்டி சொத்துகளைத் திருச்சபைக்கு எழுதிவைத்தார். வெகுகாலம் பூட்டிக்கிடந்த வீடுகளைப் பார்த்து ஊர் மீதிக் கதையைச் சேர்த்துக்கொண்டது.

வித்தியாசம் இதுதான்: மாசசூசெட்ஸில் லிஸ்ஸி போர்டன் வீட்டில் 1892-ல் இரட்டைக் கொலை நடந்தது, 1996-லிருந்து ரூம் வாடகைக்கு விட்டுக் காலையில் டிபனும் போடுகிறார்கள், கொலை நடந்த அறைக்குத்தான் கிராக்கி. இங்கே ‘வீட்டில் ஒரு சாவு’ என்று புரோக்கர் வாய் தவறிச் சொன்னாலே அட்வான்ஸ் குறைகிறது.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் ராத்திரியில் மேலே டக் டக் என்று சத்தம். பயமாக இருக்கிறது. — ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: மெட்ராஸ் டெரஸ் கூரையா? மர உத்தரத்தின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டது. பகல் வெயிலில் விரிந்த மரம் ராத்திரியில் சுருங்கும்போது சத்தம் போடும். ஆனால் சத்தம் புதிதாக ஆரம்பித்திருந்தால் அலட்சியம் வேண்டாம். உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரமும் கரையானும் சேரும், ஆசாரியைக் கூப்பிட்டு அங்கே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.