டீசல் எஞ்சின் ஆராய்ச்சிக்குப் போகும் மகளை எண்ணிக் கவலைப்படும் தந்தைக்கு

ஐயா,

"டீசல் வண்டியே ஒழியப்போகிறது என்கிறார்கள். அதற்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்று லேசரால் அளப்பதற்கு என் மகள் ஐந்து வருடத்தைக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான அச்சம். ஆனால் உங்கள் மகள் கையில் ஏறப்போகும் தொழில் அளவீடு. டீசல் எஞ்சின் அதைப் பழகக் கிடைத்த மிகக் கடினமான களம்.

எவ்வளவு கடினம் என்று பாருங்கள். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 20 மில்லி விநாடிதான். அதற்குள் நுழையும் காற்று சுழல வேண்டும். சுழற்சி பிசகினால் டீசல் காற்றோடு சரியாகக் கலக்காமல் கரிப்புகையாகும். இரும்புக்குள் நடப்பதைக் காண, பிஸ்டனை நீளமாக்கி, அதன் தலையில் குவார்ட்ஸ் கண்ணாடி பதித்து, கீழே 45 டிகிரி சாய்வில் ஓர் ஆடியை வைக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் பௌடிச் 1961இல் வெளியிட்ட அமைப்பு இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். காற்றில் நுண்ணிய எண்ணெய்த் துளிகளைத் தூவி, பச்சை லேசரைத் தாள்போல் விரித்து, சில மைக்ரோ விநாடி இடைவெளியில் இருமுறை மின்னவிட்டுப் படமெடுப்பார்கள். துளி நகர்ந்த தூரத்தை அந்த இடைவெளியால் வகுத்தால் காற்றின் வேகம் வந்துவிடும். கண்ணாடியில் எண்ணெய் படியும். நிறுத்தி, கழற்றி, துடைத்து, மறுபடி பூட்ட வேண்டும். இந்தப் பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதே என் முதல் கேள்வி.

இருந்தால் தயங்காதீர்கள். இதே லேசர் முறைதான் விமான வடிவங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்திலும், ஜெட் எஞ்சின் எரியறையிலும், செயற்கை இதய வால்வுச் சோதனையிலும் பயன்படுகிறது. ஹைட்ரஜன் எஞ்சினுக்கும் இது வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் இருக்கிறது, கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் எஞ்சின் ஆராய்ச்சிக்கூடம் உண்டு. வெளிநாட்டில் அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.இ.யோடு நிறுத்துபவர்களுக்கு இத்துறையில் வாசல் குறைவு. முனைவர் பட்டம் வரை போகத்தான் வேண்டும். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். வீட்டுக் கடனை அதில் கணக்கிடாதீர்கள்.

சேருமுன் மகளை ஆய்வகத்துக்கு நேரில் அனுப்புங்கள். கண்ணாடி பிஸ்டன் எஞ்சின் இந்த ஆண்டு ஓடியதா, லேசர் பழுதானால் சரிசெய்யப் பணம் இருக்கிறதா என்று அங்குள்ள மூத்த மாணவர்களிடம் கேட்கட்டும். அந்தப் பதில்களோடு என்னிடம் வாருங்கள். எந்த வழிகாட்டியிடம் சேர்வது என்பதை அப்போது பேசுவோம்.