ஓய்வுபெற்ற நீதிபதியிடம் கேளுங்கள்: தொலைந்த உறுதி, சீதனக் காணி, வேலிச் சண்டை

மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்று இப்போது நல்லூரில் இருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் ஊர் வாசிகசாலையில் இருந்து, வருகிறவர்களின் காணிக் கடதாசிகளை வாசித்து விளக்குகிறேன். இந்த முறை கேட்கப்பட்டவற்றில் சில:

கொக்குவிலில் இருந்து ஒருவர்: ஐயா, 1995 இடப்பெயர்வில் அப்பாவின் காணி உறுதி தொலைந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய ஏலாதா?

ஏலும் தம்பி. உறுதி என்ற காணிப் பத்திரம் தொலைந்தால் காணி தொலைந்ததாக ஆகாது. உறுதி முடிக்கும்போது, அதை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு மூலத்தை உங்களுக்குத் தந்து, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்து, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். தெரியாவிட்டால் அந்தக் காணியில் பங்கு பெற்ற சகோதரங்களின் சீதன உறுதியையோ பழைய ஈட்டு உறுதியையோ தேடிப் பாருங்கள். உரிமை எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில் அப்பாவின் உறுதி இலக்கம் பெரும்பாலும் இருக்கும்.

பிரதி கிடைத்ததும் எல்லைப் பகுதியை வாசியுங்கள். "வடக்கு இன்னாரின் காணி, கிழக்கு ஒழுங்கை" என்று இருக்கும். அந்த இன்னார் செத்து மூன்று தலைமுறை ஆகியிருக்கும். காணியின் எல்லை தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே நில அளவையாளரைக் கூப்பிட்டு வரைபடம் எடுத்துவிடுங்கள். எத்தனையோ வழக்குகளில் எல்லை காட்ட ஆளில்லாமல் இரண்டு பக்கமும் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கரவெட்டி ஆசிரியை: என் சீதனக் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும் என்கிறார் நொத்தாரிசு. அவர் எங்களை விட்டுப் போய்க் கனகாலம். இது சரியா ஐயா?

சட்டப்படி அவர் சொல்வது சரி பிள்ளை. தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், 1707-இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்தது. ஆங்கிலேயர் 1806-இல் அதை ஏற்றார்கள். பிறகு 1911-இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம்தான் கணவனின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்கிறது. ஆனால் கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, நியாயமில்லாமல் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து நீதிமன்றத்தின் அனுமதியோடு விற்கலாம். சட்டத்தரணியை வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். மரணசாசனம் எழுதுவதற்கு அவரின் சம்மதம் தேவையே இல்லை.

என் கருத்தையும் சொல்கிறேன். தன் சொந்தக் காணியை விற்க ஆணுக்கு மனைவியின் கையெழுத்து வேண்டாம், பெண்ணுக்கு மட்டும் கணவனின் கையெழுத்து வேண்டும் என்பது அநியாயம். தாய் தகப்பன் அவளுக்கென்று கொடுத்த காணி அது. நீதிபதியாக இருந்தபோது சட்டத்தில் உள்ளபடிதான் தீர்ப்பு எழுத முடிந்தது. இப்போது, இது மாற வேண்டும் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்ப் பேசுகிறேன்.

சட்டம் படிக்கும் மாணவர்: ஓய்வுபெற்ற நீதிபதிகள் திரும்பவும் வழக்குப் பேசலாமா?

உயர் நீதிமன்றத்திலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் நிரந்தர நீதிபதியாக இருந்தவர்கள் சனாதிபதியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வழக்குப் பேச முடியாது என்று அரசியலமைப்பு சொல்கிறது. சரி, அப்படியானால் வேறென்ன செய்யலாம்? உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த சி. வி. விக்னேஸ்வரன் 2013-இல் வடமாகாண முதலமைச்சரானார். எனக்கு மனதுக்கு நெருக்கமானவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். ஏடு தேடிக் கலித்தொகையை அச்சில் ஏற்றியவரும் அவர்தான். சட்டம் படித்தவனுக்குக் கோட்டுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது என்று அவரைப் பார்த்துத்தான் நம்புகிறேன்.

மானிப்பாயில் இருந்து ஒருவர்: பக்கத்து வீட்டார் வேலிக் கதியாலை எங்கள் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். இணக்கசபைக்குப் போனால் பிரயோசனம் உண்டா? நேரே வழக்கு வைப்பது நல்லதா?

முதலில் இணக்கசபைக்குப் போங்கள். பிணக்கை வழக்கில்லாமல் பேசித் தீர்க்க 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தவை அவை. கட்டணம் இல்லை, சட்டத்தரணிகள் தோன்ற மாட்டார்கள், நீங்களும் அவரும் நேரே பேசவேண்டியதுதான். இணங்காவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு பிறகு நீதிமன்றம் போகலாம். போகும்போது உறுதியையும் வரைபடத்தையும் கொண்டுபோங்கள். அதுவரை அந்தக் கதியாலை நீங்களாகப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் காணிப் பிரச்சினை பொலிஸ் முறைப்பாடாக மாறிவிடும்.