மங்கு போக எஸ்.பி.எஃப். 100 வாங்கலாமா?

கேள்வி: வயது 38. தினமும் ஸ்கூட்டியில்தான் வேலைக்குப் போகிறேன். இரண்டு கன்னத்திலும் மங்கு. ஒரு வருடமாக எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் போட்டும் குறையவில்லை. 100 வாங்கலாமா? இதிலுள்ள ரசாயனம் ரத்தத்தில் கலக்கும் என்கிறார்களே?

பதில்: 100-க்குக் காசைக் கொட்ட வேண்டாம். எஸ்.பி.எஃப். என்பது முக்கியமாகத் தோலைச் சிவக்க வைக்கும் புறஊதா-பி கதிருக்கான கணக்கு. 30 என்றால் அதில் சுமார் 97 சதவீதம் தடுபடும், 50 என்றால் 98, அதற்கு மேல் கூடுவது சொற்பம். அதுவும் ஆய்வகத்தில் தாராளமாகப் பூசி அளந்த எண். நாம் அதில் பாதி பூசினாலே பெரிய விஷயம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும்.

சரி, ஒழுங்காகப் பூசியும் மங்கு ஏன் அப்படியே இருக்கிறது? அதைக் கிளறிவிடுவது புறஊதா மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான், குறிப்பாக அதிலுள்ள ஊதா, நீலப் பகுதி, நம் மாதிரி மாநிறத் தோலில் இது நன்றாகவே வேலையைக் காட்டும். பூசியதே தெரியாத சன்ஸ்கிரீன்கள் இதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை (தெரியவில்லை என்றாலே வெளிச்சம் ஊடுருவுகிறது என்றுதானே அர்த்தம்). உங்களுக்குத் தேவை அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் டின்டட் வகை. கூடவே புறஊதா-ஏ கதிருக்கு ஜிங்க் ஆக்சைடோ பெமோட்ரிசினாலோ இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். இதே வேலைக்கான பழைய ரசாயனமான அவோபென்சோன் தனியாக இருந்தால் வெயில் பட்டே சிதைந்துபோகும், பெமோட்ரிசினால் அப்படியில்லை, அவோபென்சோனையும் சேர்த்துத் தாங்கிப் பிடிக்கும்.

ரத்தத்தில் கலப்பது உண்மைதான். 2019-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சோதித்தபோது அவோபென்சோன், ஆக்சிபென்சோன் போன்றவை ரத்தத்தில் தெரிந்தன. ஆனால் உடம்பில் முக்கால் பாகத்துக்கு, நாளைக்கு 4 தடவை பூசிப் பார்த்த சோதனை அது; கலப்பதாலேயே கெடுதல் என்று அவர்களும் சொல்லவில்லை, பூசுவதை நிறுத்தவும் சொல்லவில்லை. மனசு கேட்கவில்லையா, ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ளதை வாங்குங்கள், கர்ப்பிணிகளுக்கும் அதைத்தான் சொல்வேன்.

வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வண்டியில் போகும்போது துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்ளுங்கள், மெல்லிய துணி போதாது.

அப்புறம் ஒன்று. மருந்துக்கடையில் 'மங்குக்கு க்ரீம்' என்று கேட்டு வாங்கியது ஏதாவது தடவுகிறீர்களா? அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து முகம் சிவந்து எரியும். அப்படி இருந்தால் டியூபோடு தோல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள், திடீரென்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.