'ஈரான்' எந்த அலமாரியில்?

அண்ணா,

வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். ரிட்டையர்டு வாத்தியார்கள், மில்லுக்குப் போகிறவர்கள், மோட்டார் காயில் கட்டுகிறவர் ஒருவர், மஞ்சள் மண்டிக் கணக்குப் பார்க்கிறவர் ஒருவர். அடுத்த வாரம் ஒரு காமிக்ஸ் எடுக்கலாமா என்று கேட்டேன். "ஏனுங் தம்பி, பொம்மைப் பொஸ்தகம் பாக்கறதுக்கு நாமென்ன சின்னப் பசங்களா?" என்று வாத்தியார் ஒருவர் முடித்துவிட்டார். கோயில் சிற்பம், நடுகல் எல்லாம் படக்கதைதான் என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். நாங்கள் சேர்த்து வைத்திருக்கும் புத்தக அலமாரியிலும் மர்ஜானே சத்ரபி தன் கதையைக் காமிக்ஸாக வரைந்த 'ஈரான்' அம்புலிமாமா பைண்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. இவர்களுக்கு எப்படிங்க எடுத்துச் சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

வாத்தியார் சொன்னதில் பாதி சரி. வசனம் எழுதிய பலூனுக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் படித்துப் பக்கத்தைத் தள்ளினால் எந்தக் காமிக்ஸும் சிறுபிள்ளைத்தனமாகத்தான் தெரியும். 48 பக்க ஆல்பம், அதாவது பெரிய அளவுக் காமிக்ஸ் புத்தகம், அரைமணியில் தீர்ந்துவிடும். 'இதிலே என்ன இருக்கு' என்று தோன்றுவது இயல்பு. கதையின் பெரும்பங்கு படத்தில் இருக்கிறது. எழுத்திலேயே பழகிய பெரியவர்கள் படத்தை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் அப்படித் தாண்டுவதில்லை.

சிற்பத்தையும் நடுகல்லையும் இனி விட்டுவிடுங்கள். அந்தப் பெருமை கல்லோடு நின்றுவிடும், புத்தகத்தைத் திறக்க வைக்காது. ஒரு பக்கத்தைக் கையில் கொடுப்பதுதான் வழி. அந்தப் பக்கம் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது.

'ஈரான்' முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 1980, பத்து வயதுச் சிறுமி, தலையில் முக்காடு. முதல் கட்டத்தில் அவள் தனியாக நம்மைப் பார்க்கிறாள். இரண்டாவது கட்டம் வகுப்புப் புகைப்படம். தோழிகள் வரிசையாக இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே முக்காடு. கதை சொல்லும் சிறுமி இடது ஓரத்தில் இருப்பதால் கட்டத்தின் விளிம்பு அவளை வெட்டிவிடுகிறது. சட்டம் போட்டு எல்லோரையும் ஒன்றாக்கிய ஒரு நாட்டில், தன் கதையைச் சொல்லவந்தவளே தன் படத்துக்குள் இல்லை. இதை உரைநடையில் எழுதினால் ஒரு பத்தி விளக்கம் வேண்டும். இங்கே ஒரு கோடு செய்திருக்கிறது. வசனத்தை மட்டும் படித்தவர் 'ஓரத்தில் இருந்தாளாம்' என்று கடந்துபோயிருப்பார்.

காமிக்ஸ் என்றால் சின்னப் பசங்களுக்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. 1954-ல் அமெரிக்காவில், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் புத்தகம் எழுதினார். செனட் குழு விசாரணையும் நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு விதித்தொகுப்பைப் போட்டுக்கொண்டார்கள். நன்மையே வெல்ல வேண்டும், போலீஸ்காரர், நீதிபதி மேல் மரியாதை குறையும்படி காட்டக்கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த விதிகளுக்கு உட்பட்டது என்ற முத்திரை அட்டையில் இல்லாத இதழை விற்பனைக்கு எடுக்க விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். பெரியவர்களுக்கான கதை அங்கே சுருங்கியதற்கு இது பெரிய காரணம். அந்த முத்திரை முழுசாக மறைந்தது 2011-ல்தான். ஜப்பானில் 1968-லேயே பெரியவர்களுக்கென்று தனிக் காமிக்ஸ் இதழ் வந்துவிட்டது. அங்கே வாசகரின் வயதைப் பார்த்தே இதழைப் பிரிக்கிறார்கள்.

நமக்கு வந்த வழி வேறு. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. அது 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பையன்களுக்காக வந்த தொடர். தமிழர் ஒரு தலைமுறை முழுக்கக் காமிக்ஸ் என்று அறிந்தது அந்த வயதுக்கான சரக்கைத்தான். அச்சும் துணை செய்யவில்லை. பெரிய பக்கத்துக்கு வரைந்ததைப் பாக்கெட் அளவுக்குக் குறுக்கினால் முகபாவம் கரைந்துவிடும். வண்ணத்தில் வரைந்ததைச் சாணித்தாளில் கறுப்பு வெள்ளையாக அடித்தால் நிழலும் இருட்டும் ஒரே சாம்பலாகிவிடும். தமிழ் வசனம் ஆங்கிலத்தைவிட நீளம், பலூனோ வரைந்த அளவுதான். அதனால் எழுத்தைப் பொடியாக்க வேண்டும், இல்லை வசனத்தை வெட்ட வேண்டும். வெட்டிய வசனம் தந்தி வாசகம் மாதிரி ஆகிவிடும். வாத்தியார் சின்ன வயதில் பார்த்தது இப்படி ஒரு பிரதியாக இருந்தால் அவர் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது.

நம் காமிக்ஸ் நண்பர்கள் செய்யும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் காமிக்ஸ் ஸ்டாலுக்கு முன்னால் நரைத்த தலைகள்தான் அதிகம். ஆனால் பேச்செல்லாம் 'அஞ்சாங்கிளாஸ்ல படிச்சது' என்பதிலேயே நிற்கிறது. பழைய இதழ் எத்தனை ரூபாய்க்குப் போகிறது என்பதில் முடிகிறது. கேட்பவருக்கு என்ன தோன்றும்? குழந்தைப் பருவத்தை விட முடியாதவர்கள் என்றுதான். 'இரத்தப் படலம்' காமிக்ஸ் கதையில் நினைவிழந்தவன் தன் பெயரைத் தேடும்போது அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றி யாராவது பேசினால் அந்தக் கடையின் மரியாதையே வேறு.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். முழுப் புத்தகம் வேண்டாம், எட்டுப் பக்கம் போதும். மூன்று பேருக்கு ஒரு பிரதி வீதம் நான்கு பிரதிகள் புத்தகமாகவே இருந்தால் நல்லது. இல்லையென்றால் அந்த எட்டுப் பக்கத்தை மட்டும், எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்து வரும்படி ஏ3 தாளில் ஜெராக்ஸ் எடுங்கள். செல்போனில் காட்டாதீர்கள். ஒரு கட்டத்தைப் பெரிதாக்கினால் பக்கம் உடைந்துவிடும். பக்கம்தான் இங்கே அலகு. அதிர்ச்சியை ஓவியர் இடப்பக்க முதல் கட்டத்தில் வைப்பார், தாளைத் திருப்பினால்தான் கண்ணில் படும். திரையில் அது போய்விடும்.

பலூன்களின் மேல் சின்னக் காகிதத் துண்டை ஒட்டி முதல் சுற்றுக்குக் கொடுங்கள். பத்து நிமிடம் படத்தை மட்டும் பார்த்து, யார் பேசுகிறார், யார் பயப்படுகிறார், எத்தனை நேரம் கழிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள். தாங்கள் ஊகித்ததற்கும் வசனத்துக்கும் நடுவில் எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கேதான் பேச்சு ஆரம்பிக்கும். ஒரே அளவுக் கட்டங்கள் வரிசையாக வந்தால் நேரம் சீராக நடக்கிறது. குறுகலாக நெருங்கினால் படபடப்பு. வசனமே இல்லாத கட்டம் வந்தால் அங்கே நின்றாக வேண்டும். இரண்டு கட்டத்துக்கு நடுவிலுள்ள வெள்ளைச் சந்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும். யாரையும் வசனத்தைச் சத்தமாக வாசிக்கவிடாதீர்கள். எல்லோர் கண்ணும் எழுத்துக்குப் போய்விடும், போட்ட உழைப்பு வீண்.

காயில் கட்டுகிறவரை முதலில் பேசவிடுங்கள். ஒரு மோட்டாரைக் கழற்றும் வரிசையைப் படம் பார்த்தே பிடிப்பவர் அவர். அமெரிக்க ராணுவம் 1951 முதல் லாரி, டாங்கி, துப்பாக்கிப் பராமரிப்பைச் சிப்பாய்களுக்குக் காமிக்ஸ் இதழ் வழியாகக் கற்றுக்கொடுத்தது. காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் இருபது வருடம் அதற்கு வரைந்தார். சிறுபிள்ளை வேலை என்று ராணுவம் நினைக்கவில்லை.

அலமாரி விஷயம் இதைவிட அவசரம். 'ஈரான்' அம்புலிமாமாவோடு போனதற்கு அதன் முழுத்தலைப்பே காரணமாக இருக்கலாம்: 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை'. உள்ளே சித்திரவதை இருக்கிறது, மரண தண்டனை இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை கையில் கிடைத்தால் அடுத்த வாரம் ஒரு பெற்றோர் சண்டைக்கு வருவார், அலமாரியில் இருக்கிற மொத்தக் காமிக்ஸும் மூட்டை கட்டப்படும். அதை உலக வரலாறு, தன்வரலாறு வரிசைக்கு மாற்றுங்கள். அம்பேத்கர் வாழ்க்கையைப் படக்கதையாகச் சொல்லும் 'பீமாயணம்' இருந்தால் அம்பேத்கர் நூல்களோடு வையுங்கள். சிரிப்புக் காமிக்ஸான லக்கி லூக் பிள்ளைகளிடமே இருக்கட்டும். டெக்ஸ், கேப்டன் டைகர் போன்ற கௌபாய் காமிக்ஸ் எல்லாம் நாவல் வரிசையில், முதுகில் வயதுக்கேற்ற நிறத்தாள் ஒட்டி நிற்கட்டும். ஆல்பங்கள் 29, 30 சென்டிமீட்டர் உயரம், சாதா நாவல் 22 சென்டிமீட்டருக்குள். தட்டு இடைவெளி பற்றாததாலேயே பல இடங்களில் இவை பிள்ளைகளின் பெரிய படப்புத்தகத் தட்டுக்குப் போய்விடுகின்றன. ஒரு தட்டை 32 சென்டிமீட்டருக்கு ஏற்றிப் போடச் சொல்லுங்கள், ஆசாரிக்கு அரைநாள் வேலை.

எட்டுப் பக்கத்தை யார் தேர்ந்தெடுப்பது என்றால் வாத்தியாரிடமே கொடுங்கள். அதற்காவது அவர் முழுப் புத்தகத்தையும் புரட்டியாக வேண்டும்.