வளைவில் ஒற்றைச் சக்கரம் சுழல்கிறதா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: முன்சக்கர இயக்கமுள்ள டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் வளைவை முடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்பக்கச் சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்கிறது. பிளேட் வகை எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) போடலாமா, பல்சக்கரங்களால் வேலை செய்யும் ஹெலிக்கல் வகை போதுமா? (மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: ஹெலிக்கலே போதும். என்ஜின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சம அளவு டார்க்கைத்தான் (சுழற்று விசையைத்தான்) கொடுக்கும் என்பதால், வளைவில் பாரம் குறைந்த உள்சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பாரம் ஏறி நன்றாகப் பிடித்து நிற்கும் வெளிச்சக்கரத்துக்கும் கிடைக்கிறது. உள்சக்கரம் 400 நியூட்டன் மீட்டர் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், சாதாரண டிஃபரென்ஷியலில் மொத்தம் 800தான் தரையில் இறங்கும், 2.5-க்கு 1 என்ற விகிதம் கொண்ட ஹெலிக்கலில் வெளிச்சக்கரத்துக்கு 1000 வரை போய் மொத்தம் 1400 ஆகிறது. கிளட்ச் பிளேட்டுகளை நெருக்கி வேலை செய்யும் பிளேட் வகை இதைவிட இறுக்கிப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் முன்சக்கர வண்டியில் அந்த இறுக்கம் ஸ்டியரிங்கில் ஏறிக் கையை இழுக்கும், திங்கட்கிழமை அதே வண்டியில் வாளையாறு தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு அது வேண்டாத தொல்லை. தவிர, ஹெலிக்கலில் தேய்வதற்குக் கிளட்ச் பிளேட்டுகள் இல்லாததால், அவற்றை மாற்றவென்று கியர்பாக்ஸை இறக்க வேண்டியிராது. ஆனால் எதைப் பொருத்துவதற்கும் கியர்பாக்ஸை ஒருமுறை பிரித்தாக வேண்டும். ஆகவே அதற்கு முன் நல்ல டயர் ஒரு செட் மாட்டிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி: ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால் ஹெலிக்கல் செயலற்றுப்போகும் என்கிறார்களே? (மூணாறு வாசகர்)

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் 400 இருந்த இடத்தில் பூஜ்யத்தைப் போட்டால், இரண்டரை மடங்கும் பூஜ்யம்தான். சில தயாரிப்புகளில் ஸ்பிரிங் வாஷர்கள் கொடுத்துச் சிறிது முன்னழுத்தம் (எப்போதும் இருக்கும் ஆரம்ப இறுக்கம்) வைக்கிறார்கள். அதுவும் ஓரளவுக்கே உதவும். சக்கரம் எழும்புவது உங்கள் வண்டிக்கு வழக்கமென்றால் சஸ்பென்ஷனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

கேள்வி: பழைய பின்சக்கர இயக்கக் காரை மண் தடத்து ஆட்டோகிராஸுக்கு (கூம்புகளைச் சுற்றி ஓட்டும் நேரப் போட்டிக்கு) தயார் செய்கிறேன். ஒன்றரைவழி எல்.எஸ்.டி.யா, இருவழியா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: உங்களுக்குப் பிளேட் வகைதான் பொருத்தம், ஏனெனில் மேடுபள்ளமான தடத்தில் சக்கரம் எழும்பினாலும் முன்னழுத்தம் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். இதன் கூண்டுக்குள் குறுக்குத் தண்டு சாய்வான காடிகளில் அமர்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அது சாய்வில் ஏறி, இரு பக்க வளையங்களையும் விலக்கித் தள்ளிப் பிளேட்டுகளை நெருக்குகிறது. காலை எடுக்கும்போதும் அதே அளவு நெருக்கினால் இருவழி, குறைவாக நெருக்கினால் ஒன்றரைவழி, நெருக்கவே இல்லையென்றால் ஒருவழி. இருவழி வைத்த வண்டி பிரேக் பிடிக்கையில் நேராக நிற்கும், ஆனால் குறுகிய வளைவுக்குள் நுழைய மறுத்து மூக்கை வெளியே தள்ளும். ஆட்டோகிராஸில் கூம்புகளைச் சுற்றி நொடிக்கு நொடி திரும்ப வேண்டியிருப்பதால், நானாக இருந்தால் ஒன்றரைவழியையே வாங்குவேன். மழை பெய்த உங்கள் ஊர்க் கரிசலில் எதை மாட்டினாலும் வழுக்கும் என்பது வேறு விஷயம்.

கேள்வி: பிளேட் எல்.எஸ்.டி. பொருத்திய பழைய காரை விலை பேசுகிறேன். அது உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (குமுளி வாசகர்)

பதில்: பின்சக்கர இயக்கக் காரென்றால், முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் இரண்டையும் ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலிலும் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தும் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது அதே திசையில் கூடவே சுற்றினால் முன்னழுத்தம் மிச்சமிருக்கிறது. எதிர்த்திசையில் லேசாகச் சுற்றினால் பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு சக்கரத்தைத் தரையில் வைத்து, தூக்கிய பக்கத்து ஹப்பை டார்க் ரெஞ்சால் திருப்பி, அது அசையத் தொடங்கும் அளவைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தந்த அளவோடு ஒப்பிடுங்கள். டிஃபரென்ஷியல் ஆயிலையும் இறக்கிப் பாருங்கள்: சிறிதளவு சாம்பல் நிறத் தூள் இயல்பு, விரலில் நெருடும் துகள் இருந்தால் விலையில் ரீபில்ட் செலவைக் கழித்துக்கொண்டே பேசுங்கள். திரும்ப ஊற்றும்போது உராய்வைச் சீராக்கும் கலவை சேர்ந்த எல்.எஸ்.டி. கியர் ஆயிலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது டிஃபரென்ஷியல் கடகடவென்று குரல் கொடுக்கும்.

கேள்வி: என் புதிய காரில் எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல் உண்டு என்கிறார்கள். தனியாக எல்.எஸ்.டி. தேவையா? (ஆரியங்காவு வாசகர்)

பதில்: பெரும்பாலும் அது சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் லேசாகப் பிடிக்கும் மென்பொருள்தான்; கூண்டுக்குள் இருப்பது பழைய சாதாரண டிஃபரென்ஷியலே. அன்றாட மலைப்பாதைக்கு அது தாராளம். வேகமாகத் தொடர்ந்து ஓட்டினால் பிரேக் பேடுகள் சூடேறும், அப்போது மென்பொருள் தன் தலையீட்டைக் குறைத்துக்கொள்ளும். ட்ராக்கில் தொடர்ந்து ஓட்டும் எண்ணம் இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு நல்ல பேடும் பிரேக் ஆயிலும் வாங்குங்கள்.